மெயில் சர்வரை க்ளவுடுல ஏத்துறதுக்கு முன்னாடி

ப்ரபோசல் சீசன் வந்தாச்சு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், கூகுள் சம்மர் ஆஃப் கோட், ஹேக்கத்தான், எதுவா இருந்தாலும் நம்மில் பாதிப் பேர் எழுதப்போற வரி ஒண்ணுதான்: "இந்த ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரை க்ளவுடில் டெப்ளாய் செய்வோம்."

போன வருஷம் நானும் அதையேதான் எழுதினேன், ஒரு ஓப்பன் சோர்ஸ் மெயில் சர்வருக்கு. பன்னிரண்டு பக்கம். குபெர்னெட்டிஸ், லோட் பேலன்சர், மூணு கண்டெய்னரில் ஆரம்பிச்சு பத்து வரைக்கும் தானா ஏறி இறங்குற ஆட்டோஸ்கேலிங், கலர் கலரா அம்புக்குறி போட்ட ஒரு படம். படிச்ச மெயின்டெய்னர் ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆட்டோஸ்கேலிங் ஒரு கண்டெய்னரை நிறுத்தும்போது, அது ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கிற மெயில் எல்லாம் எங்கே போகும்?"

எனக்குப் பதில் தெரியலை. அப்படி ஒரு கேள்வி இருக்குங்கிறதே அதுவரைக்கும் தெரியாது. ப்ரபோசல் தேர்வாகலை. அது நியாயம்தான்னு இப்போ நினைக்கிறேன். ஒரு ப்ரபோசலின் மதிப்பு அதில் எத்தனை டெக்னாலஜி பேர் இருக்குங்கிறதில் இல்லை. எது எங்கே உடையும்னு எழுதின ஆளுக்குத் தெரியுமாங்கிறதில்தான் இருக்கு. மெயில் சர்வரையே உதாரணமா வெச்சு இதைச் சொல்றேன்.

மெயில் சர்வரையும் வெப்சைட்டையும் ஒண்ணா நினைச்சதுதான் என் முதல் தப்பு. வெப்சைட்டில் ஒரு கண்டெய்னர் செத்தா, யூசர் ரெஃப்ரெஷ் பண்ணுவார், வேலை முடிஞ்சது. மெயில் அப்படி இல்லை. 1982ல் ஜான் போஸ்டல் எழுதின எஸ்எம்டிபி தரநிலையில இருந்து இன்னைக்கு வரைக்கும், ஒரு மெயிலை முழுசா வாங்கினதும் சர்வர் "250" என்று பதில் சொல்லும். "கிடைச்சுது, தேங்க்ஸ்" என்பது மட்டும் அதுக்கு அர்த்தம் இல்லை. "இனி இது என் பொறுப்பு. கொண்டுபோய்ச் சேர்ப்பேன், முடியலைன்னா திருப்பித் தகவல் சொல்வேன்" என்று அர்த்தம். அதை நம்பி, அனுப்பின சர்வர் தன் க்யூவிலிருந்து அந்த மெயிலை அழிச்சுடும். அடுத்த நொடி என் கண்டெய்னர் செத்தா, அந்த மெயில் உலகத்துல எங்கேயும் இருக்காது. அனுப்பினவருக்கும் தெரியாது, வரவேண்டியவருக்கும் தெரியாது. அது உங்க ஃப்ரெண்டோட ஆஃபர் லெட்டரா இருந்திருந்தா?

இதோட மறுபக்கம் இன்னும் சுவாரசியமானது. 250 வரலைன்னா அனுப்புற சர்வர் விடாது. தன் க்யூவில் வெச்சுக்கிட்டு மறுபடி மறுபடி முயற்சி பண்ணும். குறைந்தது 4–5 நாளாவது முயற்சி பண்ணணும்னு தரநிலையே சொல்லுது. அதனால உங்க சர்வர் ஒரு மணி நேரம் படுத்துக்கிட்டா மெயில் தாமதமாகும், தொலையாது. 250 சொல்லிட்டுத் தொலைக்கிறதுதான் பெரிய குற்றம். நான் பன்னிரண்டு பக்கத்தில் அழகா தீர்த்து வெச்சிருந்தது மெயிலுக்குப் பெருசா இல்லாத ஒரு பிரச்சினையை. இருக்கிற பிரச்சினையைத் தொடவே இல்லை.

அப்புறம் சொந்தமா ஒரு சோதனை பண்ணினேன். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு கண்டெய்னரில், டவ்காட் இன்னொண்ணில். ஒரு ஸ்கிரிப்ட் வெச்சு 200 மெயில் அனுப்பி, நடுவுல போஸ்ட்ஃபிக்ஸ் கண்டெய்னரை டெலீட் பண்ணினேன். எத்தனை 250 வந்துது, இன்பாக்ஸில் எத்தனை மெயில் இருக்குன்னு எண்ணினா, 17 குறையுது. காரணம் சின்னதுதான். மெயில்பாக்ஸுக்கு நிரந்தர வால்யூம் போட்டிருந்தேன், க்யூவுக்குப் போடலை. கண்டெய்னர் போனதும் க்யூவும் அதோட போயிடுச்சு. ஒரு சாயங்காலத்துல கத்துக்கிட்ட இந்த விஷயம் என் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

தீர்வு இல்லாமல் இல்லை. அப்பாச்சி ஜேம்ஸ் என்ற ஜாவா மெயில் சர்வரின் டிஸ்ட்ரிப்யூட்டட் வடிவத்தைப் பாருங்க. மெயில்பாக்ஸ் விவரங்கள் கசாண்ட்ராவில், மெயிலின் உள்ளடக்கம் எஸ்3 மாதிரி ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், க்யூ ராபிட்எம்க்யூவில். சர்வர் கண்டெய்னர் செத்தாலும் மெயில் வெளியே பத்திரமா இருக்கும். ஆனா இப்போ மெயில் சர்வரோட சேர்த்து இன்னும் பல சிஸ்டத்தை நீங்க பார்த்துக்கணும். ஐம்பது பேர் இருக்கிற ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு விஎம், ஒரு டிஸ்க், தினமும் ஒரு பேக்கப் போதும். எதைத் தேர்ந்தெடுக்கிறீங்க, ஏன் என்பதுதான் ப்ரபோசல். டாக்கர்ஃபைல் அதுக்கு அப்புறம்.

லோட் பேலன்சரிலும் ஒரு பொறி இருக்கு. எதிரில் பேசுறது யாருன்னு மெயில் சர்வர் பெரும்பாலும் ஐபி அட்ரஸை வெச்சுத்தான் முடிவு பண்ணும். நடுவுல லோட் பேலன்சர் வந்தா, செட்டிங்கைப் பொறுத்து, வெளியிலிருந்து வர்ற எல்லாருமே உள் நெட்வொர்க் ஐபியோட தெரிவாங்க. போஸ்ட்ஃபிக்ஸில் "10.0.0.0/8 முழுக்க நம்ம ஆளு" என்று எழுதி வெச்சிருந்தா கதை முடிஞ்சது. யார் வேணும்னாலும் உங்க சர்வர் வழியா யாருக்கு வேணும்னாலும் மெயில் அனுப்பலாம். இதுக்குப் பேர் ஓப்பன் ரிலே. ப்ராக்ஸி ப்ரோட்டோகால் மாதிரி ஏதாவது ஒரு வழியில் உண்மையான ஐபியைக் கொண்டு வந்து சேர்க்கணும். என் படத்தில் அந்த அம்புக்குறி ரொம்ப அழகா இருந்துது, இதைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லை.

வெளியே அனுப்புறது தனிக் கதை. அமேசான் இசி2வும் கூகுள் க்ளவுடும் வெளியே போகும் போர்ட் 25-ஐ இயல்பாகவே அடைச்சு வெச்சிருக்கு. அதைத் தாண்டினாலும் ரிவர்ஸ் டிஎன்எஸ், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் சரியா இருக்கணும். ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணுமே கட்டாயம்னு 2024 பிப்ரவரியிலேயே வந்தாச்சு. எல்லாம் சரியா பண்ணியும் புது ஐபி என்பதாலேயே ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகலாம். "மெயில் வாங்குறது எங்க சர்வர், அனுப்புறது ஒரு ரிலே சேவை வழியா" என்று முதலிலேயே எழுதிட்டா யாரும் உங்களைக் குறைச்சு மதிக்க மாட்டாங்க.

"இவ்வளவு தொல்லைன்னா ஜிமெயிலே போதுமே, எதுக்கு இந்த ப்ராஜெக்ட்?" என்று கேட்பீங்க. என் ரூம்மேட்டும் கேட்டான். அன்றாட வேலைக்கு ஜிமெயில் போதும்தான். ஆனா ஒரு டொமைனும் ஒரு சர்வரும் இருந்தா யாரும் யாரோடும் பேசலாம் என்பது மெயிலில் இன்னும் மிச்சம் இருக்கிற சுதந்திரம். வாட்ஸ்அப்பில் அது கிடையாது. மெயில் சர்வரை நடத்தத் தெரிஞ்சவங்க சில பெரிய கம்பெனிகளில் மட்டும் இருந்தா, அந்தச் சுதந்திரம் பேப்பரில்தான் இருக்கும். அதனால் பண்ணுங்க. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுங்க.

இப்போ ஏஐ கிட்ட கேட்டா என் பன்னிரண்டு பக்கத்தை அஞ்சு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துடும். மெயின்டெய்னர்களில் பல பேர் சம்பளம் இல்லாமல், சொந்த நேரத்தில் படிக்கிறவங்க. அவங்க நேரத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடி நம்ம நேரம் ஒரு சாயங்காலமாவது செலவாகி இருக்கணும், இல்லையா?

200 மெயில் அனுப்புங்க. நடுவுல கண்டெய்னரைக் கொன்னுட்டு எண்ணிப் பாருங்க. கணக்கு சரியா வந்தா, எப்படி வந்துதுன்னு ப்ரபோசலின் முதல் பக்கத்திலேயே எழுதுங்க. வரலைன்னா சந்தோஷப்படுங்க. உங்க ப்ராஜெக்ட் என்னன்னு இப்போ உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு.