காப்புறுதிக் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

கிங்ஸ்பரி வீதியிலுள்ள மரக்கறிக் கடையொன்றின் வாசலில் அண்மையில் ஓர் அன்பர் மனம் வெதும்பிக் கூறினார்: "பத்து வருசமாக் காருக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகேன் உவங்கள் காசைக் கூட்டினவங்கள்?" நியாயமான கேள்வி. விடை அறியாமல் ஆண்டுதோறும் பணம் கட்டுவோர் எம்மிடையே பலர். இதனை எழுதுபவனும் சில ஆண்டுகள் அக்கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இலாச்சியில் வைத்தவன்தான்.

எம்மவர் காப்புறுதியைச் சீட்டு என எண்ணுகின்றனர். சீட்டில் கட்டியவருக்கு என்றோ ஒருநாள் முறை வரும். காப்புறுதியிலோ பலர் கட்டிய பணம் இழப்பு நேர்ந்த சிலருக்குச் செல்கின்றது. ஆகவே கட்டணம் எமது கடந்தகால ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. வரும் ஆண்டில் எம்மைப் போன்றோருக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணிப்பே அது. வயது, தொழில், வாகனம், ஓடும் மைல்கள், வீட்டின் அஞ்சற்குறியீடு யாவும் அதில் அடங்கும். திருத்தவேலைச் செலவு உயர்ந்தால் விபத்தே காணாதவரும் கூடுதலாகக் கட்ட நேரிடும். அரசின் வரியும் உண்டு. 1994இல் 2.5 வீதமாகத் தொடங்கிய அவ்வரி 2017இல் 12 வீதமாயிற்று.

2022 ஜனவரி முதல், வீட்டு, வாகனக் காப்புறுதிகளைப் புதுப்பிப்போரிடம் அதே கம்பனி புதிய வாடிக்கையாளரிடம் கேட்பதிலும் கூடுதலாகக் கேட்கலாகாது என்பது விதி. அதற்கு முன்னர் விசுவாசமாயிருந்தவரே அதிகம் இழந்தார். ஆயினும் இவ்விதி விலையேற்றத்தைத் தடுப்பதன்று; வேறு கம்பனி மலிவாகத் தரலாம். புதுப்பிப்புக் கடிதத்தில் சென்ற ஆண்டுக் கட்டணமும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. மாதாந்தம் கட்டுவோர் பெரும்பாலும் அதற்கு வட்டியும் செலுத்துகின்றனர்.

அஞ்சற்குறியீடு பற்றி ஒரு சொல். வெள்ளையரல்லாதோர் வாகனக் காப்புறுதிக்கு ஆண்டுக்குச் சராசரி 250 பவுண்கள் கூடுதலாகக் கட்டுவதாக 2022இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. இனத்தைத் தாம் கணக்கில் எடுப்பதில்லை என்பது கம்பனிகளின் மறுமொழி. எடுக்காமலே அவ்விளைவு வருகின்றதெனில் ஏன் வருகின்றது என விளக்குவதும் அவர்களின் கடமையன்றோ? எம்மவர் செறிந்து வாழும் கிங்ஸ்பரி போன்ற இடங்களிலிருந்து இக்கேள்வி எழவேண்டும்.

ஆனால் இந்த அநீதிக்குப் பரிகாரமாகச் சிலர் தேடும் வழி ஆபத்தானது. மகன் நாள்தோறும் ஓட்டும் காருக்குத் தந்தையைப் பிரதான சாரதியாகக் காட்டுகின்றனர். வேறு ஊரிலுள்ள உறவினர் முகவரியைக் கொடுக்கின்றனர். "எல்லாரும் செய்யினம்தானே" என்பது சமாதானம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேண்டுமென்றே பொய்யுரைத்தவரின் ஒப்பந்தத்தைக் கம்பனி இல்லாததாக்கலாம், நட்டஈட்டை மறுக்கலாம், கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். மற்றவருக்குக் கொடுத்த இழப்பீட்டைப் பின்னர் எம்மிடமே அறவிடவும் கூடும். காப்புறுதியின்றி ஓட்டியதாகப் பிடிபட்டால் 300 பவுண்கள் தண்டமும் ஆறு புள்ளிகளும். அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டாண்டுகள் நிறையாத பிள்ளைக்கு ஆறு புள்ளிகள் விழுந்தால் அப்பத்திரமே பறிபோகும். வழக்கு நீதிமன்றம் சென்று குற்றத்தீர்ப்பு வந்தாலோ, குடியுரிமை விண்ணப்பத்திலும் அதைக் குறிப்பிட வேண்டிவரும். இவ்வளவு அலைந்து இந்நாட்டிற் காலூன்றிய குடும்பம், சில நூறு பவுண்களுக்காக இதனைப் பணயம் வைப்பதா?

வீடு மாறினால், தொழில் மாறினால், புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல் உடனே கம்பனிக்கு அறிவியுங்கள். கட்டணம் சில வேளைகளிற் குறையவும் கூடும். நட்டஈடு அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரங்களிலும் தீர்வு கிட்டாவிடின், அல்லது கிட்டிய தீர்வு திருப்தி தராவிடின், நிதித்துறைக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதங்களுக்குள் செல்லவேண்டும். பணம் அறவிடுவதில்லை, மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறலாம்.