நட்டதை அன்று, நிற்பதை எண்ணுக

நகரங்கள் விரிவதைக் குறை கூறுவதற்கில்லை. குடியிருக்க வீடும், வீடு கட்ட மனையும் மக்களுக்கு வேண்டும். ஆயினும் நம் புறநகர்களில் தோப்புகள் மனைப்பிரிவுகளாக மாறும் விதம் நெஞ்சைச் சுடுகிறது. பொக்லைன் புகுந்த ஓரிரு நாள்களில் நிலம் மட்டமாகிறது. வரப்போரப் பனைகள் துண்டாடப்பட்டுச் செங்கற்சூளைக்கு ஏறுகின்றன. அடுத்த வாரம் எல்லைக்கற்கள் முளைத்துவிடுகின்றன; நிழல்தான் முளைப்பதில்லை.

வெட்டிய மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்பது அரசுப் பணிகளில் வழங்கிவரும் நெறி. நோக்கம் நன்றே. ஆனால் அக்கணக்கு நடவோடு முடிந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் கூண்டுக்குள் காய்ந்த குச்சியாய் நிற்பதும் ஏட்டில் மரமாகவே இருக்கிறது. மேற்கு வங்க மேம்பாலப் பணிகளுக்காக மரங்களை வெட்டுவது குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு 2021-இல் மரத்தின் அகவையில் ஆண்டொன்றுக்கு 74,500 ரூபாய் என மதிப்பிட்டது. அறுபது ஆண்டுப் புளிக்குப் பத்துக் கன்றுகள் எவ்வாறு ஈடாகும்?

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் எனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. பட்டா நிலத்து வேம்புக்கும் இலுப்பைக்கும் அத்தகைய அரண் வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகள், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு திறந்தவெளியை நிலமாக அளிக்காமல், அதன் வழிகாட்டி மதிப்பைச் செலுத்தவும் விதி இடந்தருகிறது. நிலமே விடாத ஊரில் கன்றை எங்கே நடுவது? இவ்விலக்கு நீக்கப்பட வேண்டும்.

மனைப்பிரிவு வரைபடத்தில் நிற்கும் மரம் ஒவ்வொன்றும் குறிக்கப்படட்டும். சாலையைச் சற்றே ஒதுக்கினால் தப்பும் மரத்துக்கு வெட்டு ஒப்புதல் தரலாகாது. தவிர்க்கவே இயலாதபோது, அதே ஊரில், அம்மண்ணுக்குரிய மரங்களையே வைக்கச் செய்ய வேண்டும். அதற்கென மனை விற்போரிடம் வைப்புத்தொகை பெற்று, ஐந்து கோடைகள் கடந்தபின், உயிரோடு நிற்பவற்றை நேரில் எண்ணிய பிறகே திருப்பித் தர வேண்டும். பொதுநிலத்து மரங்களைக் காக்க மாவட்டந்தோறும் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. தனியார் மனைப்பிரிவுகளையும் அவற்றின் ஆய்வு வரம்புக்குள் கொணருமாறு அரசை வலியுறுத்துகிறோம்.