‘நைஸ்’ என்றொரு சொல்



புத்தாடையைக் கண்டாலும் ‘நைஸ்’, பிரியாணியைச் சுவைத்தாலும் ‘நைஸ்’, அண்டை வீட்டாரைப் பற்றிக் கேட்டாலும் ‘நைஸ்’. நம் பிள்ளைகளின் நாவில் நாள்தோறும் புழங்கும் இந்த ஆங்கிலச் சொல், ஒரு காலத்தில் வசைச்சொல்லாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

இதன் மூலம் ‘நெஸ்கியுஸ்’ என்னும் லத்தீன் சொல். ‘நெ’ என்பது இன்மையையும் ‘ஸ்கீரே’ என்பது அறிதலையும் குறிக்கும். ஆக, ‘அறியாதவன்’ என்பதே பொருள். அதே ‘ஸ்கீரே’ என்னும் வேரிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் கிளைத்தது!

பழைய பிரெஞ்சு மொழி வழியாக, 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் இது புகுந்தபோது, ஒருவரை ‘நைஸ்’ என்றால் அவர் மூடர் என்று பொருள். பின்னர், எளிதில் மனநிறைவு கொள்ளாதவரைக் குறித்தது. அத்தகையோரின் பார்வை கூர்மையானதன்றோ? நுட்பம், துல்லியம் என்ற பொருள்களும் வந்து சேர்ந்தன. ‘இனியது, நல்லது’ என்னும் இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

பரவிய வேகத்தில் சொல்லின் கூர்மை மழுங்கிவிட்டது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1817-இல் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த அவருடைய ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில், ஒரு நூலை ‘நைஸ்’ எனப் புகழும் பெண்ணை, அதன் அட்டைக்கட்டையா (பைண்டிங்) சொல்கிறாய் என்று கதாநாயகன் கேலி செய்கிறான்.

நம் இல்லங்களிலோ இச்சொல் வேறு வேடங்களும் பூண்டுள்ளது. ‘மாவை நைஸாக அரை’ என்றால் நுண்மை. ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்றால் தந்திரம்!

எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் விளக்குவதில்லை. பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள் நம்மிடம் வந்து, “மாப்பிள்ளை எப்படி?” என்று விசாரிக்கிறார்கள். ‘நைஸ்’ என்பது அதற்கு விடையாகுமா? வாக்குத் தவறாதவரா, சினத்தை அடக்குபவரா, பெற்றோரைப் பேணுபவரா என்பதன்றோ அவர்கள் அறிய விரும்புவது? ஒரு பெண்ணின் வாழ்வு நம் விடையில் தங்கியிருக்கிறது. அறிந்ததை அறிந்தபடி விளங்கச் சொல்லுங்கள். அறியாவிடில், ‘அறியேன்’ என்று சொல்லிவிடுங்கள்.