மகவிழந்த மனை

உலகில் துன்பங்கள் பலவாயினும், பெற்றோர் இருக்கப் பிள்ளை இறத்தலினும் கொடியது பிறிதில்லை. மூத்தோர் முன்னும் இளையோர் பின்னும் செல்வதே முறை. அம்முறை பிறழுங்கால் உள்ளம் நிலைகலங்குகின்றது. தொல்காப்பியனார் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் நான்கு வகுத்து, அவற்றுள் இழவினையும் ஒன்றாக வைத்தார். மகவிழந்தார் அழுகையை உற்றுநோக்கின், இழவேயன்றி வேறொன்றும் அதனுள் கலந்திருத்தல் புலனாகும். 'நம்மால் அன்றோ இது நேர்ந்தது' என்னும் எண்ணமே அது. இழவின் துயரைக் காலம் ஒருவாறு ஆற்றும். இவ்வெண்ணமோ வாய்திறந்து சொல்லப்படாதவரை ஆறுவதில்லை என்பது எமது துணிபு. இதனை ஓர் இல்லத்தின் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்து பெரும்புகழ் எய்திய சார்லஸ் டார்வினுக்கும் அவர் மனைவியார் எம்மாவுக்கும் பிறந்த மக்கள் பதின்மர். அவருள் மூவர் இளமையிலேயே மாண்டனர். மூத்த மகளாகிய ஆன்னி 1850ஆம் ஆண்டில் நோயுற்றாள். மறு ஆண்டு தந்தையார் அவளை மால்வெர்ன் என்னும் ஊரிலிருந்த நீர்ச்சிகிச்சை மருத்துவரிடம் கொண்டு சென்றார். 1851 ஏப்ரல் 23ஆம் நாள், பத்தே வயதில், அவள் அங்கு உயிர் நீத்தாள். எம்மா அப்போது நிறைசூலியாதலின் உடன் செல்ல இயலவில்லை. கணவர் எழுதிய கடிதங்களே அவருக்குச் செய்தி கொணர்ந்தன. மகள் மறைந்த அன்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இனி நாம் ஒருவர்க்கொருவர் முன்னினும் மிகுதியாக உறுதுணையாதல் வேண்டும் என்னும் கருத்தை டார்வின் வெளியிட்டார். அடக்கத்திற்கும் நில்லாமல் மனைவியிடம் விரைந்தார். ஒரு வாரத்திற்குள் மகளின் குணநலன்களையெல்லாம் நினைவுக்குறிப்பாக எழுதி வைத்தார். அன்னையோ அவளுடைய எழுதுபெட்டியில் சின்னஞ்சிறு பொருள்களைச் சேமித்துக் காத்தார்.

இவையெல்லாம் நன்றே. ஆயினும் அவ்வில்லத்தில் குற்றவுணர்ச்சி ஒழிந்ததோ? இல்லை. டார்வினும் எம்மாவும் அம்மான் அத்தை வழி உறவினர். தம் நோயுடலும் நெருங்கிய இரத்தக் கலப்புமே மக்களை நலிவித்தனவோ என்னும் ஐயம் டார்வினை நெடுநாள் வருத்தியது. 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இத்தகைய மணங்களைப் பற்றிய கேள்வியொன்றைச் சேர்க்குமாறு அவர் முயன்றார், பாராளுமன்றம் இசையவில்லை. பின்னர் அவர் மகன் ஜார்ஜ் இதனை ஆராய்ந்து, அஞ்சத்தக்க அளவு தீங்கில்லை என்று 1875இல் வெளியிட்டார். தந்தையின் ஐயத்தை மகன் கணக்கிட்டுப் பார்க்க நேர்ந்ததே!

ஆன்னியின் நோய் காசநோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் கருதுவர். காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் உலகிற்கு அறிவித்தது 1882 மார்ச்சு மாதத்தில். டார்வின் இறந்தது அதற்கடுத்த மாதத்தில். எனவே, 1851இல் எத்துணைக் கற்ற தந்தையும் அறிந்திருக்க இயலாத ஒன்றை அறியாமை குற்றமாகுமோ? பின்வந்த அறிவைக்கொண்டு முன்செய்த செயலைத் தண்டிப்பதே குற்றவுணர்ச்சியின் இயல்பு.

அவ்வில்லத்தில் மற்றோர் உள்ளமும் இருந்தது. தங்கை ஹென்றியெட்டாவுக்கு அப்போது வயது ஏழு. அக்காளிடம் அன்பின்றி நடந்துகொண்டதைக் கடவுள் மன்னிப்பாரோ என்று அவள் தாயைக் கேட்டாள். பெரியோர் தம் துயரில் மூழ்கியிருக்குங்கால் சிறுவர் மனத்திலும் இச்சுமை ஏறுவதை யார் காண்கின்றனர்? தந்தை ஆன்னியைப் பற்றிப் பேசியதாகத் தாம் அறியார் என்றும், தாய் அரிதாகவே பேசினார் என்றும் ஹென்றியெட்டா பிற்காலத்தில் எழுதினார். அன்பு மிக்க அவ்வில்லத்திலும் மௌனம் வென்றது.

அச்சிறுமியின் கேள்வி எம் நெஞ்சைத் தைப்பதற்குக் காரணம் உண்டு. எமக்குப் பத்து வயதாயிருந்தபோது எம் தம்பி காய்ச்சலால் இறந்தான். அவன் படுக்கையில் விழுவதற்கு முதல்நாள், ஒரு வண்ணப் பென்சிலுக்காக அவனைப் பிடித்துத் தள்ளியிருந்தோம். அதனை எவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அவன் பெயரையே எவரும் எடுப்பதில்லை. ஆறாண்டு கழிந்தபின் ஓரிரவு, ஒருநாள் முந்தி மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாம் என்று தந்தையார் தாமே கூறினார். கைவைத்தியம் போதும் என்று தடுத்தவள் நானன்றோ என்று அன்னையார் அழுதார். அப்போதுதான் பென்சில் கதையை யாமும் சொன்னோம். அன்னையார் எம் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, தம்பி அதனை அன்று மாலையே மறந்து எம்மோடு உண்டதை நினைவூட்டினார். மூவரும் ஒரே வீட்டில் ஆறாண்டு தனித்தனியே சுமந்த சுமை அன்று முதல் பொதுச்சுமையாயிற்று, பொதுவானமையின் குறைந்தது.

இனி அயலார் கடமையையும் சிறிது கூறுவோம். நம் நாட்டில் துக்கம் விசாரித்தல் நல்வழக்கம். ஆயின் துக்கம் விசாரிக்க வந்தோர் சிலர் வழக்கு விசாரிக்கின்றனர். 'என்ன உணவு கொடுத்தீர்கள்? ஏன் முன்னரே காட்டவில்லை?' என்பர். முறைப்பெண்ணை மணந்தவராயின், 'சொந்தத்தில் மணந்தால் இப்படித்தான்' என்பர். நெருங்கிய உறவில் மணப்போர்க்குப் பிறக்கும் மக்களிடம் சில பரம்பரை நோய்கள் சற்று மிகுதியாகத் தோன்றலாம் என்பது மருத்துவ உண்மையே. அவ்வுண்மை மணத்திற்கு முன் சொல்லற்குரிய அறிவுரை. அடக்கத்தன்று எறிதற்குரிய கல்லன்று. பிறவிக் குருடனைக் கண்டு, இது இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என வினவிய சீடர்க்கு, இருவர் பாவமும் அன்று என்று நம் ஆண்டவர் விடையளித்ததை நாம் மறத்தலாகாது.

மெய்யாகவே தவறு நேர்ந்த இடமும் உண்டு. ஆண்டு 'உன்மேல் தவறில்லை' என்று பொய்யுரைத்தல் ஆறுதலாகாது. தவறினை ஒப்புக்கொள்ளவும், இல்லத்தார் அதனைக் கேட்டு மன்னிக்கவும் இடமிருத்தல் வேண்டும்.

ஆகவே நண்பர்காள்! இறந்த பிள்ளையின் பெயரை வீட்டில் வழங்குங்கள். நெஞ்சில் உறுத்துவதை ஒருவர்க்கொருவர் சொல்லுங்கள். மூலையில் வாளாவிருக்கும் சிறுபிள்ளையை அருகழைத்து, அதன் மனத்தில் உள்ளது யாதெனக் கேளுங்கள். எம் வீட்டில் இப்போது தம்பியின் பிறந்தநாளன்று அவன் விரும்பிய பால் பாயசம் வைக்கின்றோம். அன்று அழுகின்றோம், அவன் செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கின்றோம்.