பதினான்கு மனுக்களும் மிஞ்சிய ஆறும்

சங்கல்பம் செய்துகொள்ளும்போது நம் நாவு பழக்கத்தில் ஓடிவிடுகிறது. சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், அதன் முதல் பாதம் என்று வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, ஜலத்தைத் தொட்டுக்கொள்கிறோம். அச்சொற்களுக்குள் அடங்கிய கணக்கை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

கலியுகத்திற்கு 4,32,000 ஆண்டுகள். அதன் இருமடங்கு துவாபரம், மும்மடங்கு திரேதை, நான்மடங்கு கிருதம். நான்கும் சேர்ந்த சதுர்யுகம் 43,20,000 ஆண்டுகள். இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 180. கலியின் ஒரு பாதம் 1,08,000. நாம் ஜபமாலையில் உருட்டும் 108-இன் ஆயிரம் மடங்கு. கிருதயுகத்தின் 17,28,000 என்பது, ஜோதிடம் பூரணாயுளாகக் கொள்ளும் 120-ஐ மும்முறை வைத்துப் பெருக்கியது. திரேதையின் 12,96,000, ஒரு வட்டத்திலுள்ள விகலைகளின் எண்ணிக்கை.

இவற்றைக் காட்டி அதிசயம் பேசுவோர் உண்டு. அடியேனுக்கு அதில் முழு உடன்பாடில்லை. 12, 360, 60 ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்ட முன்னோர் அமைத்த எண்ணில் இத்தகைய பொருத்தங்கள் அமைவது இயல்பே.

வியக்க வேண்டிய இடம் வேறு. பிரம்மாவின் ஒரு பகலான கல்பத்திற்குச் சதுர்யுகங்கள் ஆயிரம். அதில் ஆளும் மனுக்கள் பதினால்வர். இதைப் பள்ளியில் படிக்கும் பேரனிடம் சொன்னால், அவன் உடனே வகுத்துப் பார்த்து, "சரியாக வரவில்லையே, தாத்தா!" என்பான். மனு ஒருவருக்கு 71 சதுர்யுகங்கள் என்றால் 994 தான் ஆகிறது. மீதி ஆறு எங்கே?

சூரிய சித்தாந்தம் விடை கூறுகிறது. கல்பத்தின் தொடக்கத்தில் ஒரு சந்தி, ஒவ்வொரு மனுவின் முடிவிலும் ஒரு சந்தி, ஆகப் பதினைந்து. ஒவ்வொன்றும் கிருதயுகத்தின் அளவு. 17,28,000-ஐப் பதினைந்தால் பெருக்கினால் 2,59,20,000. அதுவே ஆறு சதுர்யுகம்! ஓர் ஆண்டுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆரியபடர் வேறு வழியில் சென்றார். மனுவுக்கு 72 சதுர்யுகம், கல்பத்திற்கு 1008 என்றார். சந்திக்கே தேவையில்லாமற் போயிற்று. நான்கு யுகங்களையும் 10,80,000 ஆண்டுகளாகச் சமமாக்கினார். இது ஸ்மிருதிகளுக்கு மாறானது என்று 628-இல் பிரம்மகுப்தர் கடுமையாகவே கண்டித்தார்.

எனினும் இந்த வழக்கால் நம் சங்கல்பத்திற்கு ஊறு இல்லை. ஆறு மனுக்கள் கழிந்து ஏழாமவர் காலத்தில் இருபத்தெட்டாவது சதுர்யுகம் நடக்கிறது என்பதில் இருவகையினரும் ஒன்றுபடுகின்றனர். கலி பிறந்தது கி.மு. 3102 என்பதிலும் வேற்றுமையில்லை. கலியில் இதுவரை கடந்தவை ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே. முதல் பாதம் 1,08,000 ஆண்டுகளாயினும், ஆரியபடர் கணக்குப்படி 2,70,000 ஆயினும், நாம் நிற்பது அதன் வாசற்படியில்தான்.