வாலை எண்ணினால் நரி குறையாது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு 2002-03இல் நரி வால் ஒன்றுக்குப் பத்து டாலர் சன்மானம் கொடுத்துப் பார்த்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வால்கள் வந்து குவிந்தன. பிறகு நடந்த மதிப்பீட்டில், மாநிலத்தின் பரப்பில் 4 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் நரிகளின் எண்ணிக்கை உண்மையில் குறைந்திருக்க முடியும் என்று தெரியவந்தது. அப்படியிருந்தும் 2011இல் சன்மானம் மறுபடி வந்தது. காரணம் விளங்காததல்ல: குவிந்த வால் கண்ணுக்குத் தெரியும், நரியிடம் சாகாமல் பிழைத்த ஆட்டுக்குட்டி தெரியாது. இங்கே பேசப்படுவது செந்நரி. வேட்டைப் பொழுதுபோக்குக்காக 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட இந்த அயல் விலங்கு, வெப்பமண்டல வடபகுதி நீங்கலாகக் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. நம்மூர்க் குள்ளநரியை இதோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. அது இந்த மண்ணுக்கே உரியது; சட்டத்தின் பாதுகாப்பிலும் இருக்கிறது.

சன்மானம் ஏன் தோற்கிறது என்பதற்கு நரியின் வாழ்க்கை முறையே விடை. பெண் நரி ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். சராசரியாக நான்கு குட்டிகள். ஆஸ்திரேலியாவில் அது ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது வளர்ந்த குட்டிகள் தாயின் எல்லையை விட்டுக் காலி இடம் தேடிக் கிளம்பும். ஒரு பண்ணையில் இருந்த நரியைக் கொன்றால், சில வாரங்களில் இன்னொன்று அங்கே குடியேறிவிடும். பெருக்கத்தை நிறுத்த வேண்டுமானால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 65 சதவீத நரிகளை அகற்ற வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இரவில் விளக்கடித்துச் சுடுபவரிடம் சிக்குவதில் பெரும்பகுதி அனுபவமில்லாத இளம் நரிகள். அவற்றில் பல எப்படியும் அந்த ஆண்டைத் தாண்டியிருக்காது. துப்பாக்கிச் சத்தம் பழகிய கிழட்டு நரி புதருக்குள்ளேயே இருந்துகொள்ளும். அடுத்த ஆண்டு ஈனுவது அதுதான்.

அப்படியானால் நரிக் கட்டுப்பாட்டை ஆண்டுதோறும் விடாமல் செய்தால் போதுமா? போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. நியூ சௌத் வேல்ஸின் ஆட்டுப்பண்ணைகளில் ஒரு கள ஆய்வு நடந்து 2000இல் வெளியானது. சில பண்ணைகளில் விஷ இரையே வைக்கவில்லை. சிலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை. மற்றவற்றில் மூன்று முறை. நரி கொன்ற குட்டிகளின் விகிதம் குறைந்தது. ஆனால் பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கையிலோ நரிகளின் எண்ணிக்கையிலோ குறிப்பிடும்படி மாற்றமில்லை. குளிரிலும் பட்டினியிலும் தாயைப் பிரிந்தும் சாகும் குட்டிகளே அதிகம். நரி பல நேரங்களில் செத்ததைத் தின்ன வந்ததுதான். நரிக் கட்டுப்பாடே வீண் என்பவர்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுவார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். வேலிக்கு அப்பால் யாரும் எதுவும் செய்யாதபோது, தனியொரு விவசாயியின் உழைப்பு பக்கத்துப் பண்ணை நரிகளுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதில் முடிகிறது. பத்தாண்டுகளுக்குப் பின் அதே மாநிலத்தில் வந்த இன்னோர் ஆய்வு இதை உறுதிசெய்தது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து, ஆடுகளின் ஈற்றுக் காலத்துக்கு முன்பும் குட்டி நரிகள் கலையும் பருவத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை இரை வைத்த இடங்களில்தான் ஆட்டுக்குட்டிகள் நன்றாகப் பிழைத்தன.

நீண்டகால உழைப்பு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு விக்டோரியாவின் பிலிப் தீவு சாட்சி. சுமார் பத்தாயிரம் ஹெக்டேர் பரப்பு. பாலத்தால் நிலத்தோடு இணைந்தது. பண்ணைகளும் சிறு பென்குயின்களும் ஒருங்கே உள்ள இடம். பல பத்தாண்டு அரைகுறைக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு 2006இல் முழு ஒழிப்பைக் குறிவைத்துத் திட்டம் தொடங்கியது. கடைசி நரி பிடிபட்டது 2015இல். அதன் பிறகும் அவசரப்படவில்லை. தேடித் தேடிப் பார்த்து 2017இல்தான் நரியற்ற தீவு என்று அறிவித்தார்கள். இதற்கு நேர்மாறானது வார்னம்பூல் அருகே உள்ள மிடில் தீவின் கதை. பத்துக்கும் கீழே போயிருந்த பென்குயின்களைக் காக்க 2006 முதல் மரெம்மா இனக் காவல் நாய்களை அங்கே விட்டார்கள், பறவைகள் பெருகின. 2017இல் கடல் கொந்தளித்து நாய்களைக் கொண்டுபோக முடியாமல் போன நாட்களில் நரி நுழைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பென்குயின்கள் செத்தன. ஆண்டுக்கணக்கில் சேர்த்தது ஒரு சிறு இடைவெளியில் கரைந்தது.

இரையில் வைக்கப்படும் 1080 என்னும் நஞ்சு குறித்த எதிர்ப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அதே வேதிப்பொருள் காட்டுச் செடிகளிலேயே இருப்பதால், அங்குள்ள விலங்குகள் பலவும் அதைத் தாங்கும். மற்ற இடங்களில் அந்த அளவுக்குத் தாங்காது. பண்ணை நாய் தின்றால் பிழைப்பது அரிது, முறிமருந்தும் இல்லை. ஆனால் இரையைப் புதைக்காமல் வீசிவிட்டு, மிஞ்சியதைத் திரும்ப எடுக்காமல் போகிறவர்களால் வரும் ஆபத்தே அதிகம். இடத்தைக் குறித்துவைத்து, நாள்தோறும் சுற்றிவந்து, தின்னாத இரையைப் பொறுக்கியெடுப்பதும் பொறுமையின் பகுதிதான். இன்னோர் எதிர்ப்பு இதைவிடக் கனமானது: நரி போனால் பூனை வரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நரிக் கட்டுப்பாட்டால் தேறிய வாய்லி என்ற சிறு பைம்மாவை 1996இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். சில ஆண்டுகளில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. காட்டுப்பூனைகள்மேல் பலத்த சந்தேகம் இருக்கிறது. விடாமுயற்சி என்ற பெயரில் ஒரே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் பிழை என்றே இதைக் கொள்கிறேன். அளந்துபார்க்காத உழைப்பு வெறும் சடங்காகிவிடும்.

செலவைப் பற்றி முணுமுணுப்பு உண்டு: முடிவே இல்லாத வேலைக்கு ஆண்டுதோறும் பணமா? களையெடுப்புக்கும் முடிவில்லை, அதற்காக எந்த உழவரும் வயலைக் களைக்கு விட்டுவிடுவதில்லை. பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு வட்டாரத்தில் இருபது பண்ணைகள் ஒத்துழைத்தாலும், வார இறுதிக்கு மட்டும் வரும் நகரத்தாரின் தோட்டம், அரசுக் காடு, ரயில் பாதையோரப் புதர் ஆகியவை விடுபட்டால் நரிக்கு அவை போதும். அந்த உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து, ஒப்புதல் வாங்கி, ஒரே வாரத்தில் எல்லோரையும் இரை வைக்கச் செய்ய முழுநேர ஆள் வேண்டும். சன்மானத்துக்கு ஒதுக்கும் டாலர்களை அந்த ஆளின் சம்பளத்துக்குத் திருப்பலாம். கணக்கையும் மாற்ற வேண்டும். எத்தனை நரி செத்தது என்பதை விட்டுவிட்டு, நூறு தாயாடுகளுக்கு எத்தனை குட்டிகள் பால் மறக்கும்வரை பிழைத்தன என்பதைப் பண்ணைதோறும் ஐந்தாண்டுகளாவது எழுதிவைக்கட்டும்.