மூன்றாவது கம்பி எங்கே?

மும்பையில் மழை தொடங்கிவிட்டால், பத்துக்குப் பத்து அறையில் சுவரும் ஈரம், தரையும் ஈரம். அந்த ஈரத் தரையில்தான் தமிழ்க் குடும்பங்களின் கிரைண்டர் ஓடுகிறது. பெண்கள் வெறுங்காலுடன் நின்று, நனைந்த கையால் மாவைத் தள்ளிவிடுகிறார்கள். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் வீடுகளில் இந்த வேலை மணிக்கணக்கில் நடக்கிறது.

"தொட்டால் சுருக்கென்று இழுக்கும், பழகிவிட்டது" என்கிறார்கள். மின்சாரத்தோடு பழக்கம் ஏது? 2021-ம் ஆண்டில் மட்டும் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் அதிகம் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். "சுருக்" என்று இழுத்த அன்றே அந்த இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கும் பருத்த முள் அழகுக்காக வைத்ததல்ல. கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் உலோக உடம்பை மண்ணோடு இணைப்பது அதுதான். உள்ளே ஒயர் தேய்ந்து உடம்பில் பட்டால், மின்சாரம் பச்சைக் கம்பி வழியாகப் பாய்ந்து பியூஸ் போய்விடும். அந்தக் கம்பி இல்லாவிட்டால், தொடுகிற மனிதனே கம்பி ஆகிறான்.

ஆனால் நடப்பது என்ன? சுவரில் மூன்று துளை. பின்னால் இரண்டே ஒயர்! சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயிண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், இயந்திரத்தின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். சிலர் தண்ணீர்க் குழாயில் கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் குழாயால் பயனில்லை. இரும்புக் குழாய் பாதி வழியில் பிளாஸ்டிக்காக மாறியிருந்தால், தண்ணீர் பிடிக்க வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆபத்து.

இதற்கு யார் பொறுப்பு? டெபாசிட்டை எண்ணி வாங்கும் வீட்டுக்காரர், எர்த் கேட்டால் மட்டும் "உங்கள் செலவில் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். இது நியாயமல்ல. கதவும் கூரையும் போல எர்த்தும் வீட்டின் அங்கமே. தனியாகக் கேட்டால் காலி செய்யச் சொல்வாரோ என்று குடியிருப்போர் அஞ்சுவது இயல்பு. ஆகவே ஒரு சாலில் உள்ள எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். முறையாகப் போட்ட எர்த் குழியிலிருந்து எல்லா அறைகளுக்கும் கம்பி இழுக்கலாம். கூடவே, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும் தடுப்பானையும் பொருத்தினால் இரட்டைப் பாதுகாப்பு.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பதே நல்லது. எர்த் துளையில் பல்பை எரியவிட்டுக் காட்டினால் மட்டும் போதாது. நியூட்ரலோடு முடிந்திருந்தாலும் பல்பு எரியும். பச்சைக் கம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

வீடு பார்க்கும்போது "தண்ணீர் வருமா?" என்று முதலில் கேட்கிறோம். "எர்த் இருக்கிறதா?" என்று இரண்டாவதாகக் கேட்போம். பிழைக்க வந்த ஊரில் உயிர் அல்லவா முதல் சொத்து!